கூரையைத் தொடாத சுவரும் எங்கள் பாட்காஸ்டும்

எங்கள் பாட்காஸ்டின் முதல் பகுதி 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் வெளியானது. கடைசிப் பகுதி அதே ஆண்டு மார்கழியில். எது எந்த மாதத்தில் நடந்தது என்று குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே உண்டு. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. மற்றபடி ஒரு வருடம்கூட ஓடாத ஒரு நிகழ்ச்சி எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்பது யாருக்கும் தேவையான தகவல் அல்ல.

நான் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், டியூட்டரி வகுப்புப் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி. நண்பன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனம்வரை போனவன். நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022இல் அந்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. அவன் ஒரு லேப்டாப்பையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு அம்மாவிடமே திரும்பி வந்தான். வெளிநாட்டுக் கிளையண்டுகளுக்கு லோகோவும் பொட்டல உறைகளும் செய்து கொடுக்க ஆரம்பித்தான். இனி எந்த முதலாளியின் கீழும் வேலை பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

அந்த மாதங்களில் இருவரும் விடாமல் பாட்காஸ்ட் கேட்டோம். நான் பஸ்ஸில் கேட்பேன். அவன் வேலை செய்துகொண்டே கேட்பான். தனியாகத் தொழில் செய்யும் டிசைனர்களுக்கென்று எத்தனையோ பேர் பேசுகிறார்கள். சிலர் சென்னையிலிருந்து, சிலர் சிங்கப்பூரிலிருந்து, பெரும்பாலோர் ஆங்கிலத்தில். எல்லோருக்கும் நல்ல குரல், அவசரமில்லாத பேச்சு. விடிகாலையில் எழுந்திருங்கள். நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையை வையுங்கள். வேலை அறையின் கதவைச் சாத்துங்கள். போனை இன்னோர் அறையில் வையுங்கள். அலுத்தால் பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போய் உட்காருங்கள்.

“போனை இன்னொரு ரூம்ல வைக்கணும்னா நான் அடுத்த வீட்லதான்டா கொண்டுபோய் வைக்கணும்,” என்றான் அவன். “பகல்ல கதவச் சாத்துனா, யாரு செத்துட்டாங்கன்னு கேட்டு ஆள் வரும்.”

இப்படிக் கிண்டல் செய்துகொண்டே இருந்ததில்தான், எங்களைப் போன்றவர்களுக்காக எங்கள் பேச்சிலேயே ஒரு நிகழ்ச்சி செய்யலாம் என்ற யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஹட்டனிலிருந்து பஸ் ஏறுவேன். தலவாக்கலையில் மாறி, அவன் தோட்டத்துச் சந்தியில் இறங்கி மேலே நடக்க வேண்டும்.

அவனுடைய வீடு நீளமான பழைய லயத்தில் கடைசிக்கு முந்தின காம்பரா. முன்னால் திண்ணைபோல ஓர் இஸ்தோப்பு, உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குமேல் சற்றுப் போய் நின்றுவிடும். அதற்குமேல் எல்லா வீட்டுக்கும் ஒரே தகரம்தான். பலரும் பலகையோ அட்டையோ வைத்து அந்த இடைவெளியை அடைத்திருந்தார்கள். அவன் வீட்டிலும் ஒரு பக்கம் அடைத்திருந்தது. பக்கத்து வீட்டு அத்தை இருக்கும் பக்கம் மட்டும் திறந்தே இருந்தது. அவன் அப்பா இருந்த காலத்தில் தீப்பெட்டியும் உப்பும் அந்த வழியாகத்தான் கைமாறுமாம்.

தகரத்தில் மழை விழுந்தால் பேசவே முடியாது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் எங்களால் ஒன்றும் பதிவு செய்ய முடியவில்லை. மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் எதிரொலி வராமலிருக்க, அவன் அம்மா மழைக்குப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகும் கம்பளியை இருவரும் தலையோடு போர்த்திக்கொண்டு மைக்கின் முன்னால் குனிவோம். உள்ளே புகையும் பச்சை இலையும் கலந்த வாசம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் வியர்த்துவிடும். அப்படி உட்கார்ந்துதான் ‘நல்ல வேலையிடத்தை அமைத்துக்கொள்வது எப்படி’ என்ற பகுதியைப் பேசி முடித்தோம்.

அத்தைதான் எங்கள் முதல் நேயர். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

“மருமவனே, கொஞ்சம் மெதுவா சொல்லு. மணிக்கு ஒரு தரம் என்னா செய்யணும்ன?”

“எழும்பி நடக்கணும் அத்த. ஒரேயடியா உக்காந்திருக்கக் கூடாது.”

“நாங்க காலையில இருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கோம். உக்கார்றது எப்பன்னு அந்த ஆளு ஒண்ணும் சொல்லலயா?”

அவன் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். நாங்கள் அதை வெட்டாமல் விட்டுவிட்டோம். கேட்டவர்களுக்கு மிகவும் பிடித்தது அந்தப் பகுதிதான். அதன்பின் அத்தைக்கும் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் மேலே ஏறி வருவதைப் பார்த்தால், “இன்னைக்கு வெளிநாட்டுக்கு என்னா சேதி அனுப்புறீங்க?” என்று கேட்பார்.

அந்தச் சுவரைப் பற்றி இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். லயத்தில் ஒருவர் வீட்டுச் சண்டை, அழுகை, புருஷன் பெண்சாதி பேச்சு எல்லாமே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கேட்டதை வெளியில் சொல்வதில்லை. மறுநாள் காலையில் இருவரும் ஒன்றாக வேலைக்கு நடந்து போனாலும், கேட்கவே இல்லை என்பதுபோலத்தான் நடப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. இத்தனை நெருக்கத்தில் மனிதர்கள் இத்தனை காலம் ஒன்றாக வாழ முடிந்ததற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி. சரிவில் ஏறும்போதெல்லாம் வலது காலை இழுத்துத்தான் வைப்பார். அப்பா இறந்து பல வருடமாகிறது. அக்கா ராகலையில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார். தோட்டத்தில் வேலைக்குப் பதிந்த பெயர் அந்த வீட்டில் அம்மாவுடையது மட்டுமே. அந்தப் பெயர் இருக்கும்வரை, தோட்டத்துக்குச் சொந்தமான காம்பராவை விடச் சொல்லி யாரும் பேச மாட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று நான் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். அதில் எவ்வளவோ வாதங்கள் இருக்கின்றன. லயத்தில் நடப்பது வேறு. கீழ் லயத்தில் வேலைக்குப் பெயர் பதியாத ஒரு குடும்பம் இருந்தது. ஒரு காற்றில் தகரம் போனபோது, தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வருகிறது வருகிறது என்றார்கள். வரவேயில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கச் சாக்கைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, அவர்களாகவே ஊரைவிட்டுப் போனார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. இதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

நண்பனுக்கும் இது தெரியும். ஆனாலும் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்த வேண்டும், தன் வேலையால் அந்த வீடு நடக்க வேண்டும் என்பது ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்தே அவனுடைய ஆசை. ஆபீசில் தானே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான்.

அந்த மார்கழியில் நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம், பகுதிநேரமாகச் செய்வதை முழுநேரத் தொழிலாக மாற்றுவது. நாங்கள் கேட்ட பாட்காஸ்டுகளில் அநேகமாக எல்லோருமே சொன்ன ஓர் அறிவுரை உண்டு: குறிக்கோளை மனதுக்குள் வைத்திருக்காதீர்கள், நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள், பிறகு பின்வாங்க முடியாது. அன்று காலை அம்மா பீலித் தண்ணீரில் துணி துவைக்கப் போயிருந்தார். கம்பளிக்குள் குனிந்திருந்த அவன் திடீரென்று எழுதி வைத்ததைவிட்டு வேறு பேசினான்.

“நான் இப்ப உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். வர்ற தைப்பொங்கலோட எங்கம்மா மலைக்குப் போறத நிப்பாட்டுறாங்க. இனி எங்க வீடு டிசைன் வேலையில ஓடும். இதக் கேக்குற நீங்கதான் சாட்சி.”

மைக்கை நிறுத்தியபின், “அம்மாக்கிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“பொங்கலன்னைக்குச் சொல்லலாம்னு இருக்கேன் மச்சான். முன்னாடியே சொன்னா ஒத்துக்க மாட்டாங்க.”

மறுநாள் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அம்மாவும் அத்தையும் தனித்தனியாகச் சொன்னவை பெரும்பாலும் ஒத்துப்போயின, ஒத்துப்போகாததை விட்டுவிடுகிறேன். பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடையோடு நின்றிருக்கிறார்கள். அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, “என்னா மதினி, பொங்கலோட நிக்கிறீங்களாம்ல? மகன் ஒலகத்துக்கே சொல்லிட்டான்,” என்றிருக்கிறார். மற்றவர்கள் விடுவார்களா. ஒருத்தி, “அப்ப கூடைய எனக்குக் குடுத்துட்டுப் போங்க அக்கா, என் கூடை ஓட்டையாக் கெடக்கு,” என்றாளாம். இன்னொருத்தி, “இனிமே இவங்க கம்பியூட்டர்காரம்மா. நம்மளப் பாத்தா பேச மாட்டாங்க,” என்றாளாம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்து வைத்திருக்கிறார்.

தராசுக்குப் பக்கத்தில் நின்ற கண்டாக்கு, வேலையை மேற்பார்க்கும் இளவயது உத்தியோகத்தர், தலையை நிமிர்த்தி, “அப்படியா? அப்ப காம்பராவுக்கு யாரு பேரு?” என்று கேட்டார். அவர் சும்மாதான் கேட்டிருக்கலாம். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை என்பதில் இரண்டு பேருடைய பேச்சும் ஒத்துப்போனது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மைக் மேசையில் இல்லை.

“வாங்க தம்பி. இன்னைக்கு என்னயப் பத்தி என்னா சொல்லப்போறீங்க? முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நல்லது. மடுவத்துல போயி தெரிஞ்சிக்க வேண்டியதில்ல.”

“அம்மா, ஒங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்னு எத்தன தரம் சொல்றது,” என்றான் அவன் உள்ளிருந்து.

“எனக்கு எங்க சொன்ன? கம்பளிய மூடிக்கிட்டு அந்த மைக்குக்குச் சொன்ன. எப்ப நிக்கிறதுன்னு நான் ஒன்னயக் கேட்டனா? இன்னும் கொஞ்ச காலம் இழுத்திருந்தா நானே மொறையா நின்னுருப்பேன். அதுக்குள்ள ஒன் வேலையும் ஒரு நெலைக்கு வந்திருக்கும். இப்ப தெனம் கண்டாக்கு ஐயா என் மொகத்தப் பாக்குறாரு.”

சுவருக்கு மேலாக அத்தையின் குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

“மதினி, எம்மேல கோவம் வச்சுக்காதீங்க. நீங்க சண்ட போட்டு நான் என்னைக்காவது வெளிய பேசிருக்கனா? இதுக ஊருக்குச் சொல்றோம்னுதானே ஒக்காந்து பேசுதுக. நல்ல சேதியாச்சேன்னு சொல்லிட்டேன்.”

அந்தச் சுவருக்குமேல் போகும் பேச்சைக் கேட்காததுபோல் இருக்கப் பழகியவரை, இது எல்லோரும் கேட்பதற்கான பேச்சு என்று பத்து மாதமாக நாங்களே பழக்கியிருந்தோம்.

அந்தப் பகுதியை அவன் இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். தோட்டத்தில் யாரும் அதை இணையத்தில் கேட்டிருக்கவில்லை.

பொங்கல் வந்தது, போனது. அம்மா ஒரு நாளும் நிற்கவில்லை. முன்பெல்லாம் கால் வலித்தால் ஓரிரு நாள் வீட்டில் இருப்பார்; இப்போது அதையும் விட்டுவிட்டார். காலைப் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பார். தான் வேலைக்கு வந்து நிற்பதைக் கண்டாக்கு பார்க்க வேண்டும் என்பதற்காக. மகனோடு தேவைக்குப் பேசுவார். சோறு போட்டு வைப்பார். அதற்குமேல் இல்லை.

2024 மாசியில் ஒரு நாள் விடிந்தபோது அவரால் வலது காலை ஊன்ற முடியவில்லை. அப்படியும் கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், வலி கொஞ்சம் குறைந்ததும் எழுந்து போகலாம் என்று. நண்பன் வந்து குனிந்து அந்தப் படங்கின் கயிற்றை அவிழ்த்தான். அவர் தடுக்கவில்லை. அவன் ஆபீசுக்கு நடந்து போய்த் தன் பெயரைப் பதிந்தான். ஆண்கள் வேலைக்குக் கிடைக்காத காலம். ஆபீசில் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார்கள். கண்டாக்கு தோளில் தட்டி, “படிச்ச ஆளு. ஆபீஸ்ல எடம் வந்தா பாப்போம். இப்போதைக்குக் கவ்வாத்து,” என்றாராம். கவ்வாத்து என்றால் முற்றிய தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டித் தாழ்த்துவது.

அவன் எனக்குப் போன் செய்து சொன்னபோது குரலில் வருத்தம் காட்டவில்லை.

“மத்தியானத்துக்குமேல நான் ஃப்ரீ மச்சான். சாயங்காலம் டிசைன் செய்யலாம். எல்லாவனும் அதானே சொல்றான், ஒரே வருமானத்த நம்பாதேன்னு.”

சில வாரங்கள் அப்படியே செய்யவும் செய்தான். நாளைப் பிரித்து அட்டவணை போட்டு எனக்கு அனுப்பினான். வேலை நேரத்தைத் துண்டு போடுவது, ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு முடிந்தது என்று அளப்பது, குறைந்தால் பாதி நாள் கூலி என்று எழுதுவது எல்லாம் இந்த மலைகளில் எங்கள் பூட்டன்மார் காலத்திலேயே நடந்தவை. அதைப் பற்றிப் பழைய அறிக்கைகள் பல வாசித்திருக்கிறேன். அவனுடைய அட்டவணையைப் பார்த்தபோது அவைதான் நினைவுக்கு வந்தன. அவனிடம் சொல்லவில்லை.

கவ்வாத்து மலையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. கிளையண்ட் காலையில் கேட்ட கேள்விக்கு மாலையில்தான் பதில் போகும். அதற்குள் அவர்கள் நாட்டில் வேறு கேள்வி வந்திருக்கும். கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துப்போனது. மௌஸைப் பிடித்து ஒரு வளைவை நேர்த்தியாக வரைவதற்கு நாலைந்து தடவை முயல வேண்டியிருந்தது. நாய் பிஸ்கட்டுக்கான உறை ஒன்று பாதியில் நின்றது. அதில் எழுத்து வேலையை நான் ஹட்டனில் அச்சகத்து முதலாளி நானாவிடம் கேட்டு, மதிய இடைவேளையில் செய்து கொடுத்தேன். படத்தை அவன்தான் செய்ய வேண்டும். நாயின் முகம் சரியாக வரவில்லை என்று திருப்பித் திருப்பி அழித்துக்கொண்டிருந்தான். சித்திரை முடியும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கிளையண்ட் வேலையை வேறொருவரிடம் கொடுத்தார். மரியாதையான நல்ல கடிதம்தான் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வந்தவை சின்னச் சின்ன வேலைகள். ஆனிக்குப் பின் அவையும் இல்லை.

அம்மா பங்குனியிலிருந்து வீட்டில் இருந்தார். எதற்காக இவ்வளவும் நடந்ததோ அது நடந்துவிட்டது. அவர் மலை ஏறுவதில்லை. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தபோது ஆபீசிலிருந்து ஆள் வந்து அடைத்துக் கொடுத்தது. மகன் விடியற்காலையில் கிளம்பும்போது ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுப்பார். “நான் போயிருந்தா நீ போக வேண்டியதில்ல” என்று ஒரே ஒரு முறை சொன்னாராம்.

ஆவணியில் ஒரு ஞாயிறு அவனைப் பார்க்கப் போனேன். பதிவு செய்வதற்காக அல்ல. அதைப் பற்றி நாங்கள் பேசுவதை நிறுத்தி வெகு காலமாகியிருந்தது. வெளியே தூறல். நண்பன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பகலில் தூங்குகிற ஆள் இல்லை அவன். அம்மா எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேசையில் லேப்டாப் ஒரு துவாயால் மூடியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, அதத் தொறக்காமலே வச்சிருந்தா பழுதாயிருமா?”

“ஒண்ணும் ஆகாதும்மா. எப்பயாவது சார்ஜ் போட்டு வச்சா நல்லது.”

“இந்தக் குளிருக்குச் சும்மா கெடந்தா ஈரம் எறங்கிரும்னு சொல்றாங்களே. நீங்க வந்திருக்கயில ஒருக்கா போட்டுப் பாருங்களேன். அவனுக்கு நான் கேட்டேன்னு தெரிய வேணாம்.”

துவாயை எடுத்து மடித்து வைத்தார். நான் வயரைச் செருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு திரை மெல்ல வெளிச்சமாகி, கடவுச்சொல் கேட்டு நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அவர் மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பினார்.

“வேணாம் மச்சான்,” என்றான் அவன், திரும்பாமலே. தூங்கவில்லை. “மூடி வையி.”

அம்மா எழுந்து வந்து, அது எப்படி மூடும் என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்து, ஓசை வராமல் மூடினார்.